லேயில் மூச்சு பழக மூன்று நாள்

ஊர் திரும்பி இரண்டு நாள் ஆகிறது, அந்த டூர்காரர் மேல் கோபம் இன்னும் தீரவில்லை. விமானத்தில் லடாக்கில் உள்ள லே போய் இறங்கிய மறுநாளே கர்துங் லா கணவாய் என்று திட்டம் போட்டிருந்தார். லே சுமார் 3,500 மீட்டர் உயரம், கணவாய் 5,359. டெல்லியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, மறுநாளே இன்னும் 1,800 மீட்டர் ஏறு என்றால் உடம்பு எப்படித் தாங்கும்?

ஷூ லேஸ் கட்டக் குனிந்து நிமிர்ந்ததற்கே எனக்கு மூச்சு வாங்கியது. மேலே காற்றில் ஆக்சிஜன் கம்மி என்பார்கள். அதன் பங்கு அங்கேயும் 21 சதவீதம்தான், அழுத்தம்தான் குறைவு. கடலோரத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு அழுத்தம் என்றால், ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

ராத்திரி பயந்தே போனேன். அக்கா தூக்கத்தில் நாலைந்து தடவை ஆழமாக மூச்சை இழுத்தாள், அப்புறம் சத்தமே இல்லை. எட்டு, ஒன்பது, பத்து என்று எண்ணினேன். உலுக்கி எழுப்பக் கை நீட்டியபோது பெரிதாக ஒரு மூச்சு இழுத்து மறுபடி ஆரம்பித்தாள். விடிய விடிய இப்படியே.

காலையில் பார்த்த டாக்டர் பொறுமையாக விளக்கினார். ஆக்சிஜன் குறைவதைக் கழுத்து ரத்தக்குழாய் ஓரத்தில் இருக்கும் சின்ன உறுப்பு கண்டுபிடித்து, வேகமாக மூச்சுவிட வைக்கிறது. அதில் கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியே போய்விடுகிறது. வழக்கமாக மூச்சைத் தூண்டுவதே அதுதான். அது குறைந்ததும் தூக்கத்தில் மூச்சு சற்று நின்றுவிடுகிறது. ஆக்சிஜன் இறங்க, மறுபடி வேகம். கார்பன் டை ஆக்சைடு குறைந்ததால் ரத்தத்தில் ஏறிய காரப்பொருளை (அமிலத்துக்கு எதிரானது) சிறுநீரகம் வெளியேற்றச் சில நாள் பிடிக்கும். அடிக்கடி பாத்ரூம் ஓடியதற்கும் அதுதான் காரணமாம்!

கணவாய் பயணத்தைத் தள்ளிப்போட்டோம். வண்டிக்குக் கொடுத்த முன்பணம் போச்சு, கூடுதலாக இரண்டு நாள் அறை வாடகை வேறு. கையில் இருந்த பணத்தை எண்ணிப் பார்த்து வயிறு கலங்கியது உண்மை. ஆனால் முழு மனதோடு சொல்கிறேன், இந்தப் பயணத்தில் உருப்படியான செலவு அதுதான். முதல் நாள் விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் ரத்தத்தில் ஆக்சிஜன் 84 சதவீதம் என்று காட்டியது. நாலாம் நாள் காலை 91!

அன்றுதான் கணவாய்க்குப் போனோம். அங்கே அழுத்தம் கடலோரத்தில் பாதிதான். கொடிகள் படபடக்கும் மேட்டுக்கு இருபது அடி நடந்து, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி நடந்தோம். அப்பா, என்ன அழகு! கால் மணி நேரத்தில் இறங்கிவிட்டோம்.

தலைவலியோடு வாந்தியும் தள்ளாட்டமும் வந்தால் யாரையும் கேட்காமல் கீழே இறங்குங்கள். செலவுக் கணக்கு எழுத உட்கார்ந்தேன், மூச்சுக் கதையாகிவிட்டது. கணக்கு அடுத்த பதிவில்.