தாத்தா வீட்டுச் செங்கல் எத்தனை டிகிரியில் வெந்தது?

தாத்தா வீட்டை இடித்தபோது சொந்தக்காரர்கள் எல்லாரும் தேக்கு நிலைக்கதவுக்கு அடித்துக்கொண்டார்கள், நான் ஒரு அரைச்செங்கல்லை மஞ்சப்பையில் போட்டு எடுத்து வந்தேன். கொத்தனார் அதை இன்னொரு கல்லோடு தட்டிப் பார்த்து, "நல்லா வெந்த கல்லு தம்பி" என்றார். சரி, எத்தனை டிகிரியில்? அதைக் கேட்டுக்கொண்டு, கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் நண்பனிடம் போனேன்.

கல்லைச் சுரண்டிப் பொடியாக்கி எக்ஸ்ஆர்டி கருவியில் வைத்தான். ஒவ்வொரு கனிமமும் தனக்கே உரிய கோணங்களில் எக்ஸ்ரேயைத் திருப்பி அனுப்பும், அதை வைத்து உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். சூளையில் சில கனிமங்கள் சாகும், சில பிறக்கும். களிமண்ணில் இருக்கும் கயோலினைட் 450-இலிருந்து 600 டிகிரிக்குள் தன்னிடமுள்ள நீரை விட்டு உருக்குலைந்துவிடும். மைக்கா வகைகள் 900, 950 வரை தாக்குப்பிடிக்கும். மண்ணில் சுண்ணாம்பு இருந்தால் 850-ஐத் தாண்டும்போது கெலனைட் மாதிரி புதியவை உருவாகும். முல்லைட் வர வேண்டுமென்றால் சுமார் 1000 டிகிரியாவது வேண்டும். ஆக, செத்ததும் பிறந்ததும் கீழ் எல்லையைக் காட்டும். பிழைத்ததும் பிறக்காததும் மேல் எல்லையைக் காட்டும். குவார்ட்ஸ்தான் எதற்கும் உதவாத சாட்சி: 573 டிகிரியில் உருமாறும், ஆறியதும் ஒன்றுமே நடக்காத மாதிரி பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும்.

கருவி தந்த முதல் வரைபடத்தில் கால்சைட், அதாவது சுண்ணாம்புக்கல்லின் கனிமம், பளிச்சென்று தெரிந்தது. கால்சைட் 700-இலிருந்து 850-க்குள் சிதைந்துவிடும் என்று படித்திருந்ததால், "அப்போ 800-ஐத் தாண்டவே இல்லை" என்று நான் அவசரப்பட்டுவிட்டேன். அவன் சிரித்தான். "டேய், இந்தக் கல்லுக்கு மேல என்ன பூசியிருந்தாங்க?" சுண்ணாம்புச் சாந்து! மழையிலும் ஈரத்திலும் கரைந்து கல்லுக்குள் இறங்கிய சுண்ணாம்பு, காற்றின் கரியமில வாயுவோடு சேர்ந்து மறுபடி கால்சைட் ஆகியிருக்கிறது. சூளையைப் பார்க்காத கால்சைட் அது. கல்லின் நடுவிலிருந்து எடுத்த பொடியில் அது இல்லவே இல்லை, கெலனைட்டும் இல்லை. அதாவது, மூல மண்ணில் சுண்ணாம்பே கிடையாது.

நடுப்பொடியில் இருந்தவை குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், கல்லுக்குச் சிவப்பைத் தரும் ஹெமடைட், அப்புறம் மெலிந்துபோன மைக்கா. கயோலினைட் இல்லை, முல்லைட்டும் இல்லை. இதை மட்டும் வைத்துப் பார்த்தால் 600-க்கும் 950-க்கும் நடுவில் எங்கோ. அகலமான விடை, எனக்குத் திருப்தி இல்லை.

அதனால் மறுசூடு போட்டுப் பார்த்தோம். கல்லைச் சின்னத் துண்டுகளாக அறுத்து 700, 750, 800 என்று தனித்தனியாக உலையில் வைத்து, ஒவ்வொன்றையும் திரும்பக் கருவியில் பார்ப்பது. ஒருமுறை பார்த்துவிட்ட சூட்டை மறுபடி காட்டினால் கல் பெரிதாக அசையாது, அதைத் தாண்டினால்தான் மாறத் தொடங்கும். 850 வரை வரைபடத்தில் மாற்றமில்லை. 900-இல் மைக்காவின் கோடு கிட்டத்தட்ட படுத்துவிட்டது, நிறமும் கொஞ்சம் கருஞ்சிவப்பானது. எனவே 850 வாக்கில் என்று வைத்துக்கொண்டோம். ஆனால் நாங்கள் சூடாக்கியது சில மணி நேரம், நாட்டுச் சூளையோ நாள்கணக்கில் எரிவது. நீண்ட நேரம் என்றால் குறைந்த சூட்டிலேயே அதே மாற்றம் நடந்துவிடும், அதனால் உண்மையான எண் கொஞ்சம் கீழேயும் இருக்கலாம்.

அந்த வீட்டின் அடிவரிசையில் உப்புப் பூத்து, விரல் வைத்தாலே உதிர்கிற கற்கள் இருந்தன. சூளையின் ஓரத்தில் வேகாமல் கிடந்தவையாக இருக்கும் என்று என் சந்தேகம். ஒன்றை எடுத்து வந்து பார்க்கலாம் என்று போனால், சித்தப்பா மகன் எல்லாவற்றையும் பள்ளம் ரொப்ப டிராக்டரில் ஏற்றி அனுப்பிவிட்டிருந்தான்.