பூட்டனின் கைநாட்டைத் தேடி

ரேகைச் சட்டத்தில் என் பூட்டன் பெயர் பதிவான தாளைத் தேடி பழைய அரசுக் கோப்புகளைக் கட்டி வைத்திருக்கும் பதிவறைக்கு ஐந்து முறை போனேன். நான்கு முறை வெறுங்கையோடு திரும்பினேன். எங்கள் பக்கத்திலிருந்து இதே வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு அந்த நான்கு நாளாவது மிஞ்சட்டும்.

எங்கள் ஊர் உசிலம்பட்டிக்குப் பக்கம். 1871-இல் வடக்கே வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. ஊரில் யாரும் அதை அந்தப் பெயரால் சொல்வதில்லை, ரேகைச் சட்டம்தான். விரல்களை மையில் அழுத்தியது, வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்கியது, இரவில் சாவடியில் படுத்துக் கிடந்தது எல்லாம் அப்பத்தா சொல்லித் தெரியும். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்களைப் போலீஸ் சுட்டது, மாயக்காள் உட்படப் பலர் செத்தது எங்கள் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் என் பூட்டன் பெயர் எழுத்தில் எங்கும் இல்லை.

முதல் நாள் மனுவில் ஊர்ப் பெயரையும் பூட்டன் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். எழுத்தர் பாதிகூடப் படிக்கவில்லை. "கோப்பு எண், ஆண்டு, துறை மூன்றும் வேண்டும் தம்பி. இல்லாமல் நான் எந்தக் கட்டை அவிழ்ப்பது?" எண் தெரிந்தால் நான் ஏன் அவரிடம் வருகிறேன்? எந்தக் கோப்புக்கு எந்த எண் என்று சொல்லும் அட்டவணைப் புத்தகத்தைக் காட்டுங்கள் ஐயா என்று கேட்டிருக்க வேண்டும். அப்படி ஒன்று இருப்பதே அன்று எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை. இரண்டாம் முறை அவர் விடுப்பு, சாவி அவரிடம். போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள்.

மூன்றாம் முறை அட்டவணை கைக்கு வந்தது. எல்லாம் ஆங்கிலம். ஊர்ப் பெயரில் தேடி அரை நாள் வீணானது. வெள்ளைக்காரர் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார்கள். ஒரே ஊருக்கு மூன்று எழுத்துக்கூட்டு. சாதிப் பெயரில் தேடுங்கள், 'குற்றப் பரம்பரை' என்ற தலைப்பில் தேடுங்கள், 'கலகம்' என்பதிலும் தேடுங்கள். போலீஸ் விவகாரம் ஜுடீஷியல் துறைக்குள் கிடக்கும். நம் ஆட்களை நாம் கூப்பிடும் பெயரில் தேடினால் அகப்பட மாட்டார்கள். அவர்களை எந்தப் பெயரில் அடைத்தார்களோ அந்தப் பெயரில்தான் கதவு திறக்கும். அதை எழுதித் தேடும்போது கை கூசியது.

நான்காம் முறை எண்ணோடு போனேன். மதியம் வரை உட்கார வைத்துவிட்டு, "அழிக்கப்பட்டது" என்றார்கள். தீயா, கரையானா என்று கேட்டேன். விதிப்படி அழித்ததாம்.

அந்த விதியை எனக்கு விளக்கியவர் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற ஊழியர் ஒருவர். அரசுக் கடிதங்களில் எண்ணுக்கு முன்னால் ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு. என்று பார்த்திருப்பீர்கள். ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தர முடிவு. ஆங்கிலத்தில் எல்.டிஸ்., கே.டிஸ்., டி.டிஸ்., ஆர்.டிஸ். கோப்பை மூடுகிறவர் அன்றைக்குப் போடும் அந்த எழுத்துதான் அதன் ஆயுள். நான் தேடிய பதிவேடு பத்தாண்டுக் கணக்கில் போயிருந்தது. ஊரையே ராத்திரி ராத்திரி எண்ணிய கணக்குக்குப் பத்து வருடம் போதும் என்று எவரோ ஒருவர் முடிவு செய்திருக்கிறார். இதை எழுதும்போதும் எனக்கு ஆறவில்லை.

அவரே வழியும் சொன்னார். "ஊர் ஆட்களின் பதிவேட்டை விடுங்கள். அரசாணையோடு சேர்த்துக் கட்டிய இணைப்புகளைக் கேளுங்கள். ஆணை நிரந்தரம், அதோடு தைத்ததும் தப்பியிருக்கும்."

ஐந்தாம் முறை அதைக் கேட்டேன். மனுவில் 'இணைப்புகளுடன்' என்று எழுத மறக்காதீர்கள். எழுதாவிட்டால் ஆணையின் ஒற்றைத் தாள் மட்டும் வரும். கட்டு வந்தது. தொட்டால் உதிரும் தாள். ஈரக்கை வேண்டாம், ஓரத்தைப் பிடித்துப் புரட்டுங்கள்.

ஆங்கிலத் தாள்களுக்கு நடுவே மடித்து வைத்த ஒரு தமிழ் மனு. எங்கள் ஊரைச் சட்டத்திலிருந்து நீக்கச் சொல்லி ஊரார் கொடுத்தது. நாங்கள் வெள்ளாமை செய்கிறவர்கள், ராத்திரி வயலுக்குத் தண்ணீர் கட்டப் போக முடியவில்லை என்று எழுதியிருந்தார்கள். அதன் தலையில் ஆங்கிலத்தில் ஒரே வரியில் நிராகரித்திருந்தார்கள். கீழே இரண்டு பேர் கையெழுத்து. மற்றதெல்லாம் கைநாட்டு. ஏழாவது வரியில் பூட்டன் பெயர், தகப்பன் பெயரோடு. பக்கத்தில் அவர் பெருவிரல்.

அவர்கள் பிடித்து வைத்து எடுத்த ரேகை அழிந்துவிட்டது. அவராக மனமொப்பி வைத்தது இருக்கிறது. எழுத்தர் எட்டிப் பார்த்துவிட்டு, கேட்காமலே மின்விசிறியை நிறுத்தினார். முதல் நாள் அவர்மேல் வந்த கோபம் அப்போது பாதி போய்விட்டது.

செல்போனில் படம் எடுக்க விடவில்லை. நகல் மனுவில் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். சான்றிட்ட நகலாகவே கேளுங்கள். நகல் வந்ததும் அத்தையிடம் காட்ட வேண்டும். ஏழாவது வரி என்று போனில் சொன்னபோதே, மற்றவர்கள் பெயரையும் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டு வா என்றார். முப்பத்தெட்டுப் பெயரையும் பென்சிலில் எழுதிக்கொண்டு வந்தேன்.