குறிகட்டுவானுக்குப் போகும் ரோபோ பஸ்

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில், சனிக்கிழமை பின்னேரங்களில் அயல் பிள்ளைகளுக்குக் கோடிங் பழக்கத் தொடங்கியிருக்கிறேன். எல்லாருக்கும் ஆறு, ஏழு வயது. கணினித் திரை கிடையாது. ஒரு சின்ன ரோபோ, தரையில் வெண்கட்டியால் கீறிய கட்டங்கள், மட்டையில் வெட்டிய கட்டளை அட்டைகள், ஒரு கதை. அவ்வளவுதான்.

பீ-பொட் என்று ஒரு தேனீ ரோபோ விற்கிறார்கள். ஒரு பொத்தானுக்கு 15 சென்ரிமீற்றர் நகரும், அல்லது 90 பாகை திரும்பும். அந்தக் கணக்கையே வைத்துக்கொண்டு ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை, மோட்டரை ஓட்டும் எல்298என் டிரைவர், இரண்டு மஞ்சள் கியர் மோட்டர் கொண்டு நானே ஒன்று பூட்டினேன். மேலே முன்னே, இடம், வலம், நில், ஓடு என்று ஐந்து பொத்தான்கள். பிள்ளைகள் அட்டைகளை வரிசையாக வைத்து, அதே வரிசையில் பொத்தான்களை அமத்தி, கடைசியில் 'ஓடு' அமத்துவார்கள். இந்த மலிவு மோட்டர்களில் இரண்டு ஒரே வேகத்தில் சுற்றுவது அபூர்வம். நேரே போகச் சொன்னால் ஒரு பக்கம் இழுக்கும். வேகத்தை 0 முதல் 255 வரை எண்ணாகக் கொடுக்கலாம் என்பதால், கூட ஓடுகிற பக்கத்தைக் கொஞ்சம் குறைத்துச் சரிக்கட்டினேன். சில்லின் சுற்றை எண்ணும் சென்சர் பூட்டவில்லை, நேரக் கணக்கில்தான் ஓடுகிறது. அதனால் பற்றரி இறங்க இறங்க அடி குறுகும். "பஸ்சுக்குக் களைப்பு" என்று பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொல்கிறார்கள். சார்ஜ் போட அதுவே அறிவித்தல்.

கதை வெறும் அலங்காரமாக இருந்தால் பயனில்லை. ராசகுமாரி மாளிகைக்குப் போனாள் என்றால் எந்த வழியாலும் போகலாம், யோசிக்க ஒன்றுமில்லை. கதையே வழியை நெருக்க வேண்டும். அதற்கு எங்கள் தீவுப் பக்கத்தை விட்டால் வேறென்ன? பஸ் யாழ்ப்பாணத்தில் வெளிக்கிட்டு, பண்ணைப் பாலத்தால் வேலணைக்குப் போய், அடுத்த தாம்போதியால் புங்குடுதீவு கடந்து, குறிகட்டுவான் இறங்குதுறையில் நிற்க வேண்டும். அம்மம்மா அங்கிருந்து வள்ளமேறி நயினாதீவுக்குப் போக வேண்டும். இரண்டு பக்கமும் நீல வெண்கட்டி பூசிய கடல். நடுவில் ஒரு கட்ட அகல ரோட்டு. ஒரு திருப்பம் பிழைத்தால் பஸ் கடலுக்குள். துறையில் 'முன்னே' அட்டை ஒன்று கூடினால் அம்மம்மாவோடு சேர்த்துக் கடலுக்குள். எது பிழை என்று நான் வாய் திறக்கத் தேவையே இல்லை.

கஷ்டம் இடம் வலத்தில்தான். பஸ் தங்களைப் பார்த்து வரும்போது பிள்ளைகள் தங்கள் இடக்கையைப் பார்த்து 'இடம்' அட்டையை வைப்பார்கள். பஸ்சுக்கு அது வலம். கட்டத்துக்குள் எழும்பி நின்று, ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரிக் கையை வைத்து நடக்கச் சொன்னேன். ஒரு சிறுமி பாதித் தூரம் நடந்து, திரும்பி, நின்றாள். பிறகு ஒன்றும் பேசாமல் வந்து அட்டையை மாற்றி வைத்தாள். 1967 இல் பிள்ளைகளுக்காக உருவான லோகோ என்ற கணினி மொழியின் ஆமை ரோபோவை வைத்து, அந்த மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான சீமோர் பேப்பர்ட் சொன்னதும் இதுதான்: பிள்ளை தானே ஆமையாகி நடந்து பார்க்கட்டும். வாசிக்கும்போது தத்துவம் மாதிரி இருந்தது. விறாந்தையில் பார்த்தால் வெறும் நடைதான்.

அப்புறம் கள்ள வேலை. பஸ் கடலுக்குள் போனதும் ஒருவன், "மாமா, இது இப்ப வள்ளம்!" என்றான். மற்றவர்கள் சும்மா விடுவார்களா? ஒரே சண்டை. எனக்கு அந்தச் சாமர்த்தியம் பிடித்திருந்தாலும், விட்டால் யாரும் அட்டையைத் திருத்த மாட்டார்கள். ஆகவே ஒரு சட்டம்: 'ஓடு' அமத்த முதல் கதையை எப்படியும் மாற்றலாம், அமத்தினால் மாற்ற முடியாது.

ஒரே கட்டளைகளைத் திரும்பத் திரும்பச் செய்வதைப் பழக்க நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தேர். 25 நாள் திருவிழாவில் 24 ஆம் நாள் தேர் வெளிவீதி சுற்றி வருவது எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். முன்னே மூன்று, வலம் ஒன்று. முன்னே மூன்று, வலம் ஒன்று என்று அட்டை வரிசை நீண்டுகொண்டே போக, "ஒரே மாதிரித்தானே வருது" என்று அலுத்துக்கொண்டது ஒரு குரல். அந்த அலுப்புக்காகவே காத்திருந்தேன். '4 தரம்' என்று எழுதிய அட்டையும் ஒரு ரப்பர் வளையமும் கொடுத்தேன். வளையத்துக்குள் நான்கு அட்டைகளைக் கட்டியாகிவிட்டது. ரோபோவில் மட்டும் இப்போதைக்கு நாலு தரமும் விரித்துத்தான் பொத்தான்களை அமத்த வேண்டியிருக்கிறது.

அடுத்தது நிபந்தனை. முன்னால் இருக்கும் பொருள் எவ்வளவு தூரத்தில் என்று ஒலியால் அளக்கும் எச்.சி-எஸ்.ஆர்04 சென்சரை வாங்கி வைத்திருக்கிறேன். 'ரோட்டில் மாடு படுத்திருந்தால், எழும்பும் வரை நில்' என்று அட்டையும் எழுதியாயிற்று. வாசித்த உடனே வந்த கேள்வி: "மாமா, எழும்பாட்டில்?" அதனால் ஹோர்ன் அடிக்க ஒரு பஸரும் பூட்ட வேண்டும்.