கருப்புச் சாம்பல், வெள்ளைச் சாம்பல்

ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு ஏறும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டியை ஓரம் கட்டினேன். காட்டுத்தீ ஓடிய சரிவு முழுக்கக் கரி. மனசே ஆறல.

கருப்புச் சாம்பல் கிடந்த பக்கம் ஒரு மரத்தின் பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தேன். உள்ளே பச்சை! சருகு மட்டும் எரிந்து ஓடிய தீ அது. மண் சூட்டைச் சுலபத்தில் கீழே விடாது. சில அங்குலம் தாண்டினால் வேர் உயிரோடுதான் இருக்கும். கோடை மழை ரெண்டு விழுந்தால் தூரிலிருந்து துளிர்த்துவிடும்.

பத்தடி தள்ளி, காட்டை மூடிப் பரவும் களையான உண்ணிச்செடிப் புதரும் காய்ந்த கட்டைகளும் நின்று எரிந்த இடம். அங்கே சாம்பல் வெள்ளை. கால் வைத்தால் மாவு மாதிரி புதைகிறது. அந்தச் சூட்டில் மண்ணுக்குள் கிடந்த விதைகளும் மட்கிய இலைச்சத்தும் போய்விடும். சில இடத்தில் மெழுகு பூசின மாதிரி மண் தண்ணீரையே குடிக்காது, பெருமழை வந்தால் மேல்மண் அடித்துக்கொண்டு போகும். அதைவிடக் கொடுமை, முதலில் தழைப்பது பெரும்பாலும் அதே உண்ணிதான்.

மலை ஏறுபவர்களே, பீடி சிகரெட் துண்டைத் தயவுசெய்து வெளியே வீசாதீங்க.

ஆடியில் அதே வளைவுக்கு மறுபடி போவேன். அந்த மரத்தின் தூரைத்தான் முதலில் பார்க்கணும்.