ஆயுள் வாரண்டியும் நான்கு விரல் கணுக்களும்

ராட்செட், அதாவது நட்டைத் திருகும் பல்சக்கரக் கைப்பிடி, வழுக்கும் சத்தத்தை ஒருமுறை கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். வழக்கமான டிக்டிக் இல்லை. ‘கடக்’ என்று ஒரே ஒரு சத்தம். அது காதில் விழும்போதே கை எங்கேயோ போய் இடித்திருக்கும். எனக்கு அது பைக்கின் சைலன்ஸர். நல்லவேளை, ஆறியிருந்தது. வலது கையில் நான்கு விரல் கணுக்களிலும் தோல் போனதோடு சரி.

பின்சக்கர அச்சு நட்டை இளக்கிக்கொண்டிருந்தேன். இறுகிக் கிடக்கும் நட்டுக்கு ராட்செட் வைக்கக்கூடாது, பல்சக்கரம் இல்லாத நீளமான கைப்பிடியான பிரேக்கர் பார்தான் வைக்கவேண்டும். தெரியும். ஆனால் பார் வீட்டின் இன்னொரு மூலையில் இருந்தது, ராட்செட் கையில் இருந்தது.

கையைக் கழுவித் துணி சுற்றும்போது எனக்குக் கோபமே வரவில்லை. உண்மையைச் சொன்னால் ஒரு சின்னக் குஷி. அந்த ராட்செட் ஒரு பெரிய ஹார்டுவேர் கடை தன் சொந்தப் பெயரில் விற்ற செட்டோடு வந்தது. பெட்டியின் மூடியில் கொட்டை எழுத்தில் ‘ஆயுள் வாரண்டி’ என்று இருந்தது. வாங்கி ஏழு வருடம். சரி, இன்றைக்குத்தான் அந்த இரண்டு வார்த்தைக்கு வேலை வந்திருக்கிறது என்று கிளம்பினேன்.

கவுண்டரில் இருந்த பையன் ராட்செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். உள்ளே போய் மூத்தவர் ஒருவரைக் கூட்டிவந்தான். அவர் கைப்பிடியில் இருந்த பெயரைப் படித்துவிட்டு, “இந்த பிராண்டை நாங்க நிறுத்தி ரெண்டு வருஷம் ஆச்சு சார்” என்றார். இப்போது கடைக்கு வேறு பெயரில் புது பிராண்ட். அதற்கும் ஆயுள் வாரண்டி உண்டாம். “ஆனா அது அதுக்கு மட்டும்தான் சார்.”

ஆயுள் என்றால் என் ஆயுளா, கருவியின் ஆயுளா என்று நான் முன்பெல்லாம் யோசித்ததுண்டு. இரண்டும் இல்லை, பெயரின் ஆயுள்.

இந்த விஷயத்தில் எல்லோரும் உதாரணம் காட்டுவது அமெரிக்காவின் கிராஃப்ட்ஸ்மேன். சியர்ஸ் கடை 1927-ல் பதிவுசெய்த பெயர் அது. சியர்ஸ் சொந்தமாக ஸ்பேனர் அடித்ததில்லை. வெவ்வேறு ஆலைகள் செய்துகொடுத்தன, பெயர்தான் கடையுடையது. ராட்செட் முனையில் மாட்டும் சாக்கெட் உடைந்து, அதைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தால், பில் கேட்காமல் புதியதை எடுத்துக்கொடுப்பார்கள் என்பது அங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை. 2017-ல் ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் அந்தப் பெயரை வாங்கிக்கொண்டது. அடுத்த வருடமே சியர்ஸ் திவால் மனு போட்டது. பெயர் வேறு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்ததால் வாரண்டியும் கூடவே போய்ப் பிழைத்துக்கொண்டது. என் ராட்செட்டின் பெயரை யாரும் வாங்கவில்லை.

இதைச் சொல்வதால் கடைப் பெயர் போட்ட கருவியெல்லாம் மட்டம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே பெட்டியில் வந்த ஸ்பேனர்கள், 8 முதல் 19 மி.மீ. வரை, இன்றும் என்னிடம் இருக்கின்றன. ஒன்றுகூட வாய் விரியவில்லை. பெரிய பிராண்ட் ஸ்பேனர் ஒன்றையும் இதையும் கண்ணைக் கட்டிக்கொண்டு கொடுத்தால் எது எது என்று என்னால் சொல்லமுடியாது. ஸ்பேனர் என்பது ஒரே துண்டு குரோம் வனேடியம் எஃகு. வாய் அளவு சரியாக இருக்கவேண்டும், சூட்டுப் பதம் சரியாக இருக்கவேண்டும். அவ்வளவுதான். இதில் கோட்டைவிட ஆலைக்கு இடம் குறைவு.

ராட்செட் அப்படியில்லை. உள்ளே ஒரு பல்சக்கரம், அதைக் கவ்வும் ஒரு நாக்கு, நாக்கைத் தள்ளும் ஒரு ஸ்பிரிங். 36 பல் என்றால் அடுத்த பல்லைப் பிடிக்கக் கைப்பிடியை 10 டிகிரி ஆட்டவேண்டும். 72 பல் என்றால் 5 டிகிரி போதும், இடுக்கான இடத்தில் வசதி. அதனால் பெட்டியில் ‘72’ என்று பெரிதாகப் போடுகிறார்கள். ஆனால் பல் கூடக்கூட ஒவ்வொரு பல்லும் சிறுக்கும். நாக்கு முழுதாகப் பதிந்து நிறையப் பற்களைச் சேர்த்துக் கவ்வினால்தான் அது தாங்கும். கொஞ்சம் லூசாகச் செய்திருந்தால் முழு பாரமும் இரண்டு மூன்று பற்களின் தலையில். விலையைக் குறைக்கச் சொல்லி ஆர்டர் கொடுக்கும்போது முதலில் அடிவாங்குவது இந்த மாதிரி வெளியே தெரியாத இடம்தான் என்பது என் சந்தேகம்.

ஸ்க்ரூட்ரைவர் கதை இன்னும் மோசம். அதே செட்டின் நட்சத்திர ஸ்க்ரூட்ரைவர் முனை மழுங்கியபோது கடை சிரித்த முகத்தோடு இரண்டு முறை மாற்றிக்கொடுத்தது. அப்போது பிராண்ட் உயிரோடு இருந்தது. கொடுத்ததும் அதே மாவு முனைதான். அது மழுங்கியபோது கார்புரேட்டர் மூடியின் ஸ்க்ரூ தலையையும் சேர்த்து வழித்துக்கொண்டு போயிருந்தது. ஸ்க்ரூவைத் துளைபோட்டு எடுக்க எனக்கு ஒரு முழுச் சாயங்காலம் ஆனது. அந்தச் சாயங்காலத்துக்கு எந்தக் கடையில் வாரண்டி தருகிறார்கள்? மூன்றாவது முறை நான் மாற்றப் போகவில்லை. முனைக்குப் பெயர்பெற்ற ஒரு ஸ்க்ரூட்ரைவரைக் காசு கொடுத்து வாங்கினேன். அதற்கு என்ன வாரண்டி என்று இதுவரை பார்க்கத் தோன்றவில்லை.

அப்புறம் அந்தப் பொடி எழுத்து. கணு ஆறும்வரை சும்மா இருந்த நாட்களில் வாரண்டித் தாளை முதல்முறையாக முழுதாகப் படித்தேன். அரம், ரம்பப் பிளேடு, மரக் கைப்பிடி எல்லாம் தேயும் பொருள், அவற்றுக்குக் கிடையாது. நியாயம்தான். அளவு டேப்புக்கும் கிடையாது. நட்டைக் குறித்த அளவு விசையில் இறுக்கும் டார்க் ரெஞ்சுக்கு ஒரே வருடம். அதிலும் குறை சொல்லமுடியாது, ஏனென்றால் ஐஎஸ்ஓ 6789 தரத்தின்படியே அதை 12 மாதத்துக்கு ஒருமுறை, அல்லது 5,000 முறை முடுக்கியதும் சரிபார்க்கவேண்டும். ‘சாதாரணப் பயன்பாட்டில்’ என்ற சொல்தான் எல்லாவற்றையும் விழுங்கும் வாய். கைப்பிடியில் இரும்புக் குழாயைச் செருகி நெம்புவது சாதாரணம் இல்லை. ஸ்க்ரூட்ரைவரை உளியாக்கிச் சுத்தியலால் தட்டுவதும் இல்லை. இரண்டையும் செய்திருக்கிறேன். பளபள குரோம் சாக்கெட்டை, அடித்து அடித்துத் திருகும் இம்பாக்ட் ரெஞ்சில் மாட்டுவதும் இல்லை. அதை நான் செய்யவில்லை, நீங்களும் செய்யாதீர்கள். அது சில்லாக உடைந்து முகத்துக்கு வரும். இம்பாக்டுக்கு அந்தக் கறுப்பு சாக்கெட்தான்.

மின்சார வேலைக்கான கட்டிங் பிளேயரில் மட்டும் எந்த வாரண்டியையும் பார்க்கமாட்டேன். இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லாவிட்டால், கைப்பிடியில் இருக்கும் சிவப்பு பிளாஸ்டிக் பிடிமானத்துக்குத்தான், காப்புக்கு இல்லை.

ராட்செட்டைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. தலையின் பின்னால் இரண்டு சின்ன ஸ்க்ரூ. கழற்றினேன். பழைய கிரீஸ் புளியங்கொட்டை நிறத்தில் இறுகிப்போயிருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து பிரஷ் போட்டதும் தெரிந்தது, நாக்கில் ஒரு ஓரத்துப் பற்கள் மூன்று சப்பையாகியிருந்தன. மற்றவை புதிதுபோல இருந்தன. சந்தேகம் சந்தேகமாகவே இருக்கவில்லை.

நண்பரிடம் இன்னொரு கடைப் பெயர் போட்ட ராட்செட் இருந்தது. கைப்பிடி நிறம் வேறு, பெயர் வேறு. அவர் சம்மதத்தோடு அதையும் திறந்தேன். அதே மூடி, அதே ஸ்பிரிங், பல்சக்கரத்தில் பொறித்த எண்ணும் அதேதான். இரண்டும் ஒரே ஆலையில் பிறந்து வெவ்வேறு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவை! அவர் கடையில் அந்த மாடலுக்கு ரிப்பேர் கிட் தனியாகக் கிடைத்தது. வாங்கிப்போட்டேன், கச்சிதமாக உட்கார்ந்தது. மெல்லிய கிரீஸ் கொஞ்சமாகத் தடவி மூடினேன். டிக்டிக் திரும்பிவிட்டது. அச்சு நட்டுக்கு மட்டும் இப்போது எழுந்துபோய் பிரேக்கர் பாரை எடுத்துவருகிறேன்.

ஆக, என் ராட்செட்டின் வெளியே செத்துப்போன பிராண்டின் ஆயுள் வாரண்டி, உள்ளே இன்னொரு கடையின் ஒரு வருட வாரண்டி. கிட்டின் பில்லைப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிவைத்தேன். சூட்டில் அச்சாகும் அந்த வழுவழுத் தாள். இரண்டு மாதம்தான் ஆகிறது, தேதி ஏற்கெனவே மங்கத் தொடங்கிவிட்டது.