வெங்காயம் போட்டவர் யார்?

கணக்குத் தணிக்கை வேலையில் கொஞ்ச காலம் இருந்துவிட்டால் நாவல் படிக்கும்போது ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும். கதாநாயகன் மனம் வெறுத்து மூன்று மாதம் இமயமலைப் பக்கம் போய்விட்டால், லீவு யார் சாங்க்‌ஷன் செய்தது என்று கேட்கத் தோன்றும். நாயகி தெற்கு தில்லியில் தனியாக வீடு எடுத்துத் தங்கினால், அட்வான்ஸுக்குப் பணம் ஏது என்று மனம் முணுமுணுக்கும். எழுத்தாளர் பாவம், அவளுடைய தனிமையைப் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார். நான் வாடகை ரசீதைத் தேடிக்கொண்டிருப்பேன்.

தில்லியில் மத்திய அரசு தணிக்கைப் பிரிவு ஒன்றில் வேலை செய்கிறேன். மயூர் விஹாரில் ப்ளூ லைன் ஏறி, மண்டி ஹவுஸில் வயலட் லைனுக்கு மாறினால் அடுத்தது ஐடிஓ. போக வர மெட்ரோவில் படிப்பதுதான் என் மொத்தப் படிப்பும். இந்தக் குளிர்காலத்தில் படித்து முடித்தவை, திட்டம் எதுவும் இல்லாமலே, பெரும்பாலும் வேலை செய்கிறவர்களைப் பற்றிய புத்தகங்களாக அமைந்துவிட்டன.

ஒரு ஓய்வுபெற்ற பெரிய அதிகாரியின் நினைவுக் குறிப்புகளில்தான் ஆரம்பித்தேன். பெயர் வேண்டாம். அலுவலகத்தில் கை மாறிக் கை மாறி என்னிடம் வந்த தடிப் புத்தகம். அமைச்சர்கள் வருகிறார்கள், அணைகள் வருகின்றன, வெளிநாட்டுக் குழுக்கள் வருகின்றன. ஒரு டைப்பிஸ்ட் வரவில்லை. அவர் சொன்னதையெல்லாம் யாரோ டைப் அடித்திருக்க வேண்டும், அந்தக் கோப்பை யாரோ மூன்றாம் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும். நல்லபடியாக முடிந்ததையெல்லாம் அவர் செய்தாராம், கெட்டுப்போனதெல்லாம் சிஸ்டம் செய்ததாம். பாதியில் மூடிவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் கடைசிவரை படித்தேன். உள்வம்பு நன்றாக இருந்தது.

அப்புறம் ஆதவனின் 'காகித மலர்கள்'. 1977இல் வந்த நாவல். தில்லித் தமிழ்க் குடும்பம் ஒன்று, உயர் பதவியில் அப்பா, வளர்ந்த பிள்ளைகள். கல்லூரிக் காலத்தில் படித்தபோது பிள்ளைகளின் பகுதிகளை மட்டும் விழுந்து விழுந்து படித்தேன். இப்போது கண் அப்பா பசுபதியின் மேலேயே நிற்கிறது, வயதுதான், வேறென்ன. ஆதவன் ரயில்வேயிலும் பிறகு நேஷனல் புக் டிரஸ்டிலும் வேலை பார்த்தவர். அரசு அலுவலகத்தின் காற்று அவருக்குப் பழக்கம். ஆனால் அங்கே நடக்கும் வேலையைவிட, மேலே இருப்பவர் முன்னால் ஒரு முகம், கீழே இருப்பவர் முன்னால் ஒரு முகம், வீட்டுக்கு வந்தால் இன்னொரு முகம் என்று மனிதர்கள் மாற்றி மாற்றி மாட்டிக்கொள்வதில்தான் அவருக்கு ருசி. அதை அவரைப்போல எழுதியவர் குறைவு. எனக்கு இருக்கும் குறை ஒன்றே ஒன்று. முகத்தை மாட்டிக்கொண்ட பிறகும் அந்த மனிதர்கள் எட்டு மணி நேரம் எதையோ செய்தாக வேண்டும் அல்லவா? நாள் முழுக்க டேலி ஆகாமல் படுத்திய கணக்கு சாயங்காலம் திடீரென்று டேலி ஆகும்போது, பக்கத்து நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார், நம் முகம் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் மறந்துபோகும். அந்த மறதியை ஆதவனிடம் நான் பார்க்கவில்லை.

அசோகமித்திரனிடம் பார்த்தேன். 'கரைந்த நிழல்கள்' படித்து வெகுகாலம் ஆகியிருந்தது. சினிமா உலக நாவல் என்றுதான் நினைவு. இப்போது எடுத்தால், தயாரிப்பு நிர்வாகி நடராஜன் வெளிப்புறப் படப்பிடிப்புக்காக விடியற்காலையில் ஆட்களையும் வண்டிகளையும் சேர்க்கிற பாடுதான் முதலில் நிற்கிறது. வண்டி வந்ததா, யாரை எங்கே ஏற்றிக்கொள்ள வேண்டும், சாப்பாட்டுக்கு யார் பொறுப்பு. டூருக்குப் போகும் ஆடிட் பார்ட்டியை ஒருமுறையாவது கிளப்பி அழைத்துப்போனவர்கள் அந்தப் பக்கங்களைப் படித்தால் பெருமூச்சு விடுவார்கள். அசோகமித்திரன் ஜெமினி ஸ்டூடியோவில் 1952 முதல் 1966 வரை இருந்தவர். அங்கே அவருடைய வேலைகளில் ஒன்று, செய்தித்தாள்களைக் கத்தரித்து ஃபைல் போடுவது. பார்ப்பவர்களுக்கு அது வேலையாகவே தெரியவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். நடராஜன் பிற்பாடு என்ன ஆகிறார் என்பதை நாவல் போகிற போக்கில்தான் நமக்குத் தெரிவிக்கிறது. வேலையை விட்டுப் போனவர்களைப் பற்றிய செய்தி எங்கள் செக்‌ஷனுக்கும் அப்படித்தான் வரும், டீ குடிக்கும்போது, வேறு ஏதோ பேச்சின் நடுவில்.

இந்த வருடம் என்னைப் பிடித்து உலுக்கியது, ஒரு பெயிண்ட் தொழிற்சாலை. தரியாகஞ்ச் நடைபாதையில் இருந்த ஞாயிற்றுக்கிழமைப் புத்தகச் சந்தையை 2019இல் மஹிளா ஹாட்டுக்கு மாற்றினார்கள் அல்லவா, அங்கே மூலை மடங்கிய நிலையில் கிடைத்தது பிரீமோ லெவியின் 'பீரியாடிக் டேபிள்', ஆங்கில மொழிபெயர்ப்பு. லெவி இத்தாலிய யூதர், வேதியியல் படித்தவர், ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து உயிரோடு திரும்பியவர். 1975இல் வந்த இந்தப் புத்தகத்தில் 21 அத்தியாயங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிமத்தின் பெயர். முகாமைப் பற்றி அவர் எழுதியதைத்தான் உலகம் அதிகம் பேசுகிறது. நான் 'குரோமியம்' அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டேன்.

அதில் ஒரு பழைய வார்னிஷ் செய்முறை வருகிறது. ஆளி விதை எண்ணெயைக் காய்ச்சும்போது கடைசியில் இரண்டு துண்டு வெங்காயம் போடவும் என்று செய்முறைப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. எதற்கு என்று எழுதியிருக்கவில்லை. அனுபவஸ்தர் ஒருவர்தான் விளக்குகிறார்: தெர்மாமீட்டர் இல்லாத காலத்தில் எண்ணெய் பதத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்க வெங்காயத்தைப் போடுவார்கள், அது பொரிய ஆரம்பித்தால் பதம் சரி. தெர்மாமீட்டர் வந்த பிறகும் வெங்காயம் போகவில்லை.

இது வேடிக்கை. அடுத்து வருவது வேடிக்கையோடு நிற்பதில்லை. போர் முடிந்து ஊர் திரும்பிய லெவிக்கு ஒரு பெயிண்ட் தொழிற்சாலையில் வேலை கிடைக்கிறது. முற்றத்தில் ஆரஞ்சு நிறப் பெயிண்ட் கட்டி கட்டியாக உறைந்து குவிந்து கிடக்கிறது. ஏன் உறைந்தது என்று கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். அவர் என்ன செய்கிறார்? பழைய பரிசோதனைக் குறிப்புகளை எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டுகிறார். அதாவது, தணிக்கை! வந்த சரக்கெல்லாம் ஒரே மாதிரி தேறியிருப்பது அவருக்கு உறுத்துகிறது. கடைசியில் பிடித்துவிடுகிறார். பரிசோதனைத் திரவம் '2 அல்லது 3 சொட்டு' விட வேண்டும் என்று இருந்த குறிப்பு, நகல் எடுத்தபோது '23 சொட்டு' ஆகிவிட்டது. அவ்வளவு ஊற்றினால் எந்த மோசமான சரக்கும் தேறிவிடும். உறைந்து கிடந்ததைச் சரிசெய்ய லெவி அம்மோனியம் குளோரைடு, நம் ஊர் நவச்சாரம், கொஞ்சம் சேர்க்கச் சொல்கிறார். பெயிண்ட் இளகிவிடுகிறது. பல வருடங்கள் கழித்து அதே தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒருவர் சொல்லித்தான் தெரிகிறது: உறைந்த பெயிண்ட் எல்லாம் எப்போதோ தீர்ந்துபோன பிறகும் நவச்சாரம் இன்னும் செய்முறையில் இருக்கிறது. ஏன் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. துருப்பிடிக்காமல் இருக்கத்தான் அந்தப் பெயிண்ட். நவச்சாரமோ இரும்பை அரிக்கக்கூடியது.

மண்டி ஹவுஸில் இறங்காமல் அடுத்த ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன்.

எத்தனை அலுவலகங்களில் நான் இந்த நவச்சாரத்தைப் பார்த்திருக்கிறேன்! ஓர் இடத்தில் ஒரு சான்றிதழை மூன்று பிரதி எடுக்கிறார்கள். மூன்றாவது பிரதி போய்ச் சேர வேண்டிய செக்‌ஷன் வேறொன்றோடு இணைக்கப்பட்டுப் பெயரே மாறிவிட்டது. பிரதி மட்டும் தவறாமல் தயாராகி ஒரு இரும்பு அலமாரிக்குள் போகிறது. கேட்டால் "ஷுரூ சே ஹோ ரஹா ஹை, மேடம்ஜி" என்கிறார் கிளார்க். ஆரம்பத்திலிருந்தே இப்படித்தானாம். லெவியைப் படிப்பதற்கு முன்பு இதை முட்டாள்தனம் என்று நினைத்திருப்பேன். இப்போது அந்த மூன்றாவது பிரதியைக் கேட்ட முதல் ஆள் யார், அன்றைக்கு அவருக்கு என்ன தலைவலி இருந்தது என்று யோசிக்கிறேன். தலைவலி கண்டிப்பாக இருந்திருக்கும். அலுவலகப் படிவத்தில் சும்மா யாரும் ஒரு கட்டம் கூடுதலாகப் போடுவதில்லை.

இதை எங்கள் பிரிவில் இருக்கும் இன்னொரு தமிழரிடம் சொன்னேன். திருநெல்வேலிக்காரர், ஓய்வுக்கு நாள் நெருங்குகிறது. ஆபீஸுக்கே அவர் ஷர்மாஜி, குப்தாஜி வரிசையில் ஒரு 'ஜி'தான், எனக்கு மட்டும் அண்ணாச்சி. வெங்காயக் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "ரிட்டையர் ஆனப்புறம் நானும் எழுதலாம்னுதான் இருந்தேன். என்னத்த எழுத? இத்தனை வருஷமா பாரா எழுதினேன். அதுல நான் எங்கம்மா இருக்கேன்?" என்றார்.

பாரா என்றால் எங்கள் பாஷையில் தணிக்கை அறிக்கையின் பத்தி. அவர் சொன்னது சரிதான். தணிக்கை அறிக்கையில் யாரும் எதையும் பார்ப்பதில்லை. 'கவனிக்கப்பட்டது' என்று மட்டும் இருக்கும். ராஜஸ்தான் வெயிலில் ஒரு மாவட்ட அலுவலகத்தின் மொட்டை மாடி அறையில் உட்கார்ந்து, தூசியில் தும்மித் தும்மி, வவுச்சர் கட்டுகளை அவிழ்த்துப் பார்த்த ஆள் அந்த வாக்கியத்தில் கிடையாது. தணிக்கையின்போது விளக்கம் கேட்டுக் கொடுக்கும் ஹாஃப் மார்ஜின் மெமோவில் கையெழுத்தாவது இருக்கும், அச்சாகும் பாராவில் அதுவும் இல்லை. அதிகாரியின் தடிப் புத்தகத்தில் ஆள் மட்டும் இருந்தார், வேலையைக் காணோம். எங்கள் பாராக்களில் வேலை இருக்கிறது, ஆளைக் காணோம். இரண்டுக்கும் நடுவில் எழுதத் தெரிந்தவர்களைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன் என்பது அண்ணாச்சி பேசிய பிறகுதான் எனக்கே உறைத்தது.

பேபி ஹால்தார் எனக்குக் கிடைத்தது எதிர்வீட்டுப் பெண்ணின் பதினோராம் வகுப்பு ஹிந்திப் பாடநூலில். அவருடைய சுயசரிதையான 'ஆலோ ஆந்தாரி'யின் ஒரு பகுதி அதில் பாடமாக இருக்கிறது. சந்தேகம் கேட்க வந்தவளிடமிருந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டு நான் படிக்க ஆரம்பித்துவிட்டேன். பிறகு முழுப் புத்தகத்தையும் ஹிந்தியிலேயே வாங்கினேன். பன்னிரண்டு வயதில் கல்யாணம், அடுத்தடுத்து மூன்று குழந்தைகள், கணவனை விட்டு அவர்களோடு தில்லிப் பக்கம் வந்து வீட்டு வேலை. குர்காவில் அவர் வேலை செய்த ஒரு வீட்டின் உரிமையாளர் பிரபோத் குமார், ஓய்வுபெற்ற மானுடவியல் பேராசிரியர், பிரேம்சந்தின் பேரன். அலமாரியைத் துடைக்கும்போது இந்தப் பெண் வங்காளிப் புத்தகங்களின் முன்னால் கொஞ்சம் நின்றுவிடுவதைக் கவனித்து, நோட்டும் பேனாவும் கொடுத்து எழுதச் சொன்னார். அவரே அதை ஹிந்தியில் மொழிபெயர்க்கவும் செய்தார்.

இந்தக் கதையை எல்லோரும் அந்தப் பேராசிரியரின் நல்ல மனசுக் கதையாகச் சொல்கிறார்கள். நல்ல மனசுதான், மறுக்கவில்லை. ஆனால் புத்தகத்தைப் படித்தால் அது எனக்கு ஒரு வேலைப் பதிவேடாகவே தெரிகிறது. எந்த வீட்டில் எத்தனை மணிக்கு, குழந்தைகளை எங்கே விட்டுப் போவது, வேலை போனால் அடுத்த வீடு எது, வாடகைக்கு என்ன வழி. நான் நாவல்களில் தேடி ஏமாறுகிற ரசீதுகள் எல்லாம் இங்கே கேட்காமலே இருக்கின்றன. இவ்வளவு கணக்கு வைத்திருக்கும் புத்தகத்தில் பரிதாபம் கேட்கும் வரி எதுவும் என் கண்ணில் படவில்லை. இன்னொன்று. நான் நான் என்று எழுதிக்கொண்டே வந்தவர், சில இடங்களில் சட்டென்று 'பேபி' என்று தன்னையே மூன்றாம் மனுஷியாக்கிவிடுகிறார். அந்த இடங்கள் பெரும்பாலும் வலி அதிகமான இடங்கள் என்று எனக்குப் பட்டது. 'கவனிக்கப்பட்டது' என்று எழுதும் எங்கள் வழக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று முதலில் நினைத்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. சில பாராக்களில் நான் என்று எழுதும் உரிமை கிடைத்தால்கூட வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

காலை எட்டு மணிக்கு எங்கள் குடியிருப்பின் கேட் வழியாக வரும் பெண்களுக்கு அடையாள அட்டை உண்டு, நுழையும்போது பதிவும் உண்டு. வெளியே போகும்போது பையைத் திறந்து காட்ட வேண்டும். இதைப் பற்றி குடியிருப்போர் கூட்டத்தில் ஒருமுறை பேசினேன். பாதுகாப்புக்கு வேண்டியிருக்கிறது என்றார்கள். எப்போதிலிருந்து என்று கேட்டேன். ஆரம்பத்திலிருந்தே என்றார்கள்.

உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திர'த்தைக் கடைசியில் எடுத்தேன். தமிழ்த் தாத்தா, ஓலைச்சுவடி என்று பள்ளியில் மனப்பாடம் செய்த பிம்பம் இத்தனை வருடம் அதைப் படிக்கவிடாமல் தடுத்திருந்தது. உள்ளே போனால், அட, இது வேலை தேடுகிற இளைஞனின் கதை. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை, மாதம் 50 ரூபாய். அந்த இடத்தில் இருந்த தியாகராச செட்டியார், தாம் விலகும்போது இவரைத்தான் போட வேண்டும் என்று நிற்கிறார். அதுவரை இவர் இருந்த திருவாவடுதுறை மடத்துக்கோ இவரை அனுப்ப மனசில்லை. இந்த இழுபறியை ஐயர் சொல்லும் அழகுக்கே படிக்கலாம். சம்பளம், சிபாரிசு, மரியாதை, பயம் எதையும் அவர் மறைக்கவில்லை.

அதே வருடம் சேலம் இராமசுவாமி முதலியார் கும்பகோணத்துக்கு முன்சீபாக மாற்றலாகி வருகிறார். மரியாதைக்குப் பார்க்கப் போன ஐயர், தாம் படித்த அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ் எல்லாவற்றையும் அடுக்குகிறார். முன்சீப் அசையவில்லை. பழைய நூல்கள், சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். ஐயர் படித்ததில்லை. பிற்பாடு முதலியாரே ஒரு பிரதியைக் கையில் கொடுத்துப் படித்துப் பாடம் சொல்லச் சொல்கிறார். 1887இல் 'சீவக சிந்தாமணி' அச்சாகிறது. மற்றதெல்லாம் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. என்னை நிறுத்தியது, அந்த முன்சீபுக்கு வந்த டிரான்ஸ்ஃபர் ஆர்டர். அன்றைக்கு அதை எழுதிய கிளார்க்குக்கு அது இன்னொரு தபால், அவ்வளவுதான்.

ஆனந்த விகடனில் 1940இலிருந்து தொடராக வந்துகொண்டிருந்த இந்த வரலாறு, 1942இல் ஐயர் இறந்தபோது பாதியில் நின்றுவிட்டது. நல்ல வேளையாக, அவருடைய மாணவர் கி.வா.ஜகந்நாதன் 'என் ஆசிரியப்பிரான்' எழுதியிருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தவர் எழுதினால் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும். ஆர்.கே.புரத்தில் தமிழ்ச் சங்க நூலகத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். கிடைத்தால் முதலில் தனக்குத்தான் என்று அண்ணாச்சி இப்போதே சொல்லிவைத்துவிட்டார். லெவியை அவர் திருப்பிக் கொடுத்த பிறகு பார்க்கலாம்.