ஒரு ஓட்டுக்கு எவ்வளவு படிக்க வேண்டும்?

2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரத்தில் வெற்றி வித்தியாசம் 49 ஓட்டு. 2021இல் தியாகராய நகரில் 137. இவ்வளவு நெருக்கமான தொகுதிகளிலும் தனி ஒருவரின் ஓட்டு முடிவை மாற்றியிருக்காது. அப்படியிருக்க, மின்வாரியக் கடனையும் நிதிப் பற்றாக்குறையையும் படித்துத் தெளிய ஒருவர் தன் ஞாயிற்றுக்கிழமைகளை ஏன் கொடுக்க வேண்டும்? பொருளியலாளர் ஆந்தனி டவுன்ஸ் 1957இல் இதைத்தான் எடுத்துச் சொன்னார். படிக்கிற செலவு முழுக்க உங்களுடையது, பலனோ ஊருக்கே பங்காகிவிடுகிறது. அதனால் தெரிந்துகொள்ளாமல் இருப்பதே கணக்குக்குச் சரி. ஜனங்களுக்கு விவரம் போதாது என்று திட்டுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

ஆனால் இந்தக் கணக்கு எல்லோருக்கும் ஒன்றல்ல. சாலை டெண்டரில் லாபம் பார்க்கிற ஒப்பந்ததாரர் நிபந்தனைகளை வரி விடாமல் படிப்பார். அந்தச் சாலைக்குப் பணம் கொடுக்கிற பல்லாயிரம் பேருக்கோ தலைக்குச் சில ரூபாய்தான் நஷ்டம்; அதற்காக யாரும் உட்கார்ந்து படிக்க மாட்டார்கள். உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள முயல்வது இதற்கு மருந்தாகாது. குறைந்த நேரத்தில் அதிக விவரம் தரும் காகிதம் எது என்று தெரிந்தால் போதும்.

முதலில் இரவு நேரத் தொலைக்காட்சி விவாதத்தை விட்டுவிடலாம். நேரத்தைத் தின்கிற அளவுக்கு அது விவரம் தருவதில்லை. ஒரு துறையைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால், சட்டமன்றத்தில் துறைவாரியாக நிதி கேட்கும் மானியக் கோரிக்கையின்போது அந்தத் துறை தமிழிலேயே வெளியிடும் கொள்கை விளக்கக் குறிப்பை எடுங்கள். அரசின் தரப்பை மட்டுமே சொல்லும் என்றாலும் திட்டம், தொகை, பயனாளிகள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும்.

வேட்பாளர் என்றால் படிவம் 26. வேட்புமனுவோடு தரும் இந்தப் பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் கிடைக்கும். ஒருவருடையதைப் படிக்க அரை மணி நேரம் தாராளம். வழக்குகளின் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறுகிறவர்கள்தான் அதிகம், பிரிவைப் பாருங்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 143, 188 என்றால் பெரும்பாலும் மறியல், ஆர்ப்பாட்டம். 420 மோசடி, 307 கொலை முயற்சி. 2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றங்களுக்கான வழக்குகளில், அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் எண்கள் இருக்கும்: மோசடி 318(4), கொலை முயற்சி 109. நீதிமன்றம் குற்றச்சாட்டு வனைந்துவிட்டதா என்பதையும் பாருங்கள். சொத்தைப் போன தேர்தலின் பத்திரத்தோடு ஒப்பிடும்போது மொத்தத் தொகையை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். பழைய நிலத்தின் சந்தை மதிப்பு ஏறியிருந்தாலே தொகை பெருகிவிடும். புதிதாக வாங்கிய சொத்தைத் தனியே பிரித்து, ஐந்து ஆண்டு வருமான வரிக் கணக்கின் பக்கத்தில் வையுங்கள். நிலம், கட்டடம் என்றால் வாங்கிய தேதியும் விலையும் படிவத்திலேயே இருக்கும்.

கிராமத்தில் இருப்பவருக்கு இதைவிட லாபமான இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு. லட்சக்கணக்கில் ஒருவராக இருந்த நீங்கள் அங்கே நூற்றுக்கணக்கில் ஒருவர். படித்த படிப்புக்கு அங்கேதான் எடை கூடுகிறது. ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கைக் கேட்டு வாங்கி, ஒரே ஒரு செலவை, தெருவிளக்கையோ குடிநீர்க் குழாயையோ, தேர்ந்தெடுத்துக் கேள்வி கேளுங்கள். பத்தைக் கேட்டால் பத்துக்கும் மழுப்பலான பதில்தான் வரும். அங்கே பதில் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனு போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். “ஏன் செய்தீர்கள்” என்று விளக்கம் கேட்டால் மனு எளிதாகத் தட்டிக் கழிக்கப்படும். பில்லின் நகல், முடிந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தின் நகல் என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

கிராம சபையில் வாயால் கேட்ட கேள்வி பதிவேட்டில் ஏறாமல் போவது சகஜம். தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். எழுதியதை வாசிக்கச் சொல்லி, கேட்ட பிறகு போடுங்கள்.